பார்வையும் வியாதியும்

ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் தட்டுப்படுகிற ஒரு சொற்றொடரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'ஹை ரிஸ்க் குரூப்' என்கிறார்கள். தமிழில் 'அதிக ஆபத்துள்ள பிரிவினர்'. பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், ஊசியால் போதை ஏற்றிக்கொள்பவர்கள், திருநங்கைகள் என்று பட்டியல் போகும். இரண்டு தடவை வாசித்தால் இந்தச் சொற்றொடரின் இலக்கணத்தில் ஒரு வழுக்கல் இருப்பது தெரியும். ஆபத்துக்கு உள்ளாகியிருப்பவர்கள் என்பது ஒரு அர்த்தம். ஆபத்தைத் தம்மிடம் வைத்திருப்பவர்கள், அதாவது ஆபத்தானவர்கள், என்பது இன்னொன்று. எழுதியவன் முதல் அர்த்தத்தில் எழுதியிருக்கலாம். வரிசையில் நிற்பவன் இரண்டாவதாகத்தான் வாசிக்கிறான். வாசித்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருகிறான். அவன் தள்ளி உட்காருவதற்கும் பக்கத்தில் இருப்பவளின் வியாதிக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் என் கேள்வி. உண்டு என்றால் அது எந்த வகைச் சம்பந்தம்? காரணமா, அல்லது 'சூழல்' என்ற சௌகரியமான பெயரில் ஒதுக்கிவைத்துவிடக் கூடிய ஒன்றா?

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் தெருமுனையில் சாயங்காலம் பணியாரம் சுட்டு விற்ற ஒரு திருநங்கை இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 2003-ல் அவருக்கு இருமல் வந்தது. தெருவில் யார் இருமினாலும் அது இருமல்தான். அவர் இருமினால் மட்டும் 'அந்த வியாதி'. பணியாரம் விற்பது ஒரு வாரத்தில் நின்றது. பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. 'அவருக்கு எச்.ஐ.வி. இல்லை' என்று இந்த இடத்தில் எழுதக் கை வந்தது. ஏன் வந்தது என்று யோசித்துவிட்டு எழுதாமல் விடுகிறேன். இருந்திருந்தால் என் வாதத்தில் எது குறைந்துவிடும்?

ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவரோடு போயிருந்தேன். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். அக்கா தன் பெயரைச் சொன்னார். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டு, எழுத்தர் யாரிடம் என்றில்லாமல், "இதை ஆம்பளை வார்டுல போடறதா, பொம்பளை வார்டுல போடறதா?" என்று கேட்டார். அது வசையாகச் சொல்லப்பட்டதல்ல என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டில் இரண்டு பத்திகள் இருந்தன. மனுஷருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்து, "வா தம்பி போகலாம், காய்ச்சல் தானா எறங்கிரும்" என்றார்.

அப்புறம் எப்படியோ அவரைச் சம்மதிக்கவைத்து மருந்து ஆரம்பித்தது. அன்றைய காசநோய்த் திட்டத்தின் முறை இது: முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போய், ஊழியர் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்க வேண்டும். நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை என்று அதற்குப் பெயர். மருத்துவ ரீதியாக அது நியாயமான ஏற்பாடு. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஆனால் என் அக்காவின் ஸ்திதியை யோசியுங்கள். பார்க்கப்படுவதுதான் அவருடைய வாழ்நாள் துன்பம். இப்போது பார்க்கப்படுவதே சிகிச்சையின் நிபந்தனையாக வந்து நிற்கிறது. மையத்தின் ஊழியர் நல்லவர். அக்கா வந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார். அது கருணையா, அல்லது பெஞ்சைச் சீக்கிரம் காலி செய்கிற வழியா என்று அந்த ஊழியருக்கே தெரிந்திருக்காது. ஐந்து வாரம் போனார். அப்புறம் போகவில்லை. நான் கேட்டபோது, "மாத்திரை கசக்கல தம்பி" என்று மட்டும் சொன்னார். 2005-ல் செத்துப்போனார்.

மரணச் சான்றிதழ் காரணம் சொல்லும்: காசநோய். அது பொய்யல்ல. ஆனால் காரணம் என்ற சொல்லை நாம் எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறோம்!

இந்தச் சென்னை நகரத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு, 1959-ல் ஒரு விஷயத்தை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது: நோயாளியை சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், கூட இருக்கிற குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. ஏழை நாடுகளின் வைத்தியத்தையே மாற்றிய முடிவு. அந்த முடிவுக்குள் சொல்லப்படாத ஒரு சொல் இருக்கிறது: வீடு. சோறு போட ஒருத்தி, மாத்திரை ஞாபகப்படுத்த ஒரு பிள்ளை. மருந்து அந்த வீட்டின் மேல் நின்று வேலை செய்கிறது. பதினைந்து வயதில் வீட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ஒருவருக்கு அதே மருந்து அதே அளவில் கொடுக்கப்படும்போது, கொடுக்கப்படுவது அதே சிகிச்சைதானா?

இனி எண்களைப் பார்க்கலாம். நம் பத்திரிகைகளில் எண்களைக் கண்டால் கொஞ்சம் முகம் சுளிப்பது வழக்கம். இந்த விஷயத்தில் அந்தச் சுளிப்பு ஒரு தப்பித்தல்தான் என்று எனக்குப் படுகிறது. 2013-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, 15 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, திருநங்கைகளில் 19.1 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகக் கணக்கிட்டது. அதே நாடுகளின் பொதுவான வயதுவந்தோரோடு ஒப்பிட்டால் தொற்றின் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 49 மடங்கு. இந்தியாவில் 2017-ம் வருஷத்துத் தேசியக் கண்காணிப்பில் திருநங்கையரிடையே 3.14 சதவீதம், அதே வருஷம் வயதுவந்தோர் அனைவருக்குமான மதிப்பீடு 0.22. பதினான்கு மடங்கு. இதில் உடலியல் ரீதியான பங்கு ஒன்று உண்டு. குதவழி உறவில் ஏற்பவருக்குத் தொற்று எளிதாகப் பரவுகிறது. அதை மறைத்துப் பேசுவது மரியாதையாகாது. ஆனால் கிருமிக்கு உடலின் வழி தெரியுமே தவிர ஆள் தெரியாது. இந்த ஆள் அந்த வழியில், அந்த இரவில், அந்த விலைக்கு, உறையில்லாமல் ஏன் நின்றார் என்பதைக் கிருமியிடம் கேட்டு அறிய முடியாது.

அதைக் கேட்க வேண்டிய இடங்கள் வேறு. பள்ளிக்கூடத்தில் மூத்திரம் போகிற இடத்தில் அது தொடங்குகிறது. கேலி தாங்காமல் பள்ளியை விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சான்று போல, 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றாம் பாலாகப் பதிவானவர்களின் எழுத்தறிவு 56 சதவீதம்தான். நாட்டின் பொது விகிதம் 74. படிப்பில்லை, வீட்டை விட்டு வந்ததால் காகிதங்களும் இல்லை. வேலை என்று போய் நின்றால் கடைக்காரன் சிரிக்கிறான். கை தட்டிக் காசு கேட்பது, இல்லையென்றால் உடல். உடலை விற்கிற இடத்தில் உறை வேண்டாம் என்பவன் கூடுதலாக ஐம்பது ரூபாய் தருகிறான். பையில் உறை இருந்தால் அதையே சாட்சியாக வைத்து மிரட்டுகிற போலீஸ்காரன் இருக்கிறான். பெண்ணுடல் வேண்டும் என்ற தவிப்பில், டாக்டரிடம் போக வெட்கி, மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கிக் கைக்கு வந்த அளவில் விழுங்குகிறவர் இருக்கிறார்; அந்த மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை நாளங்களில் உறையவைக்கக் கூடியது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. தாயம்மாவின் கத்திக்கும் கொதிக்கிற எண்ணெய்க்கும் தன்னை ஒப்புக்கொடுத்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கத்தியை வெறும் மூடநம்பிக்கையாகப் பார்த்தோம். 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் கொடுங்காயங்களைப் பட்டியலிடும்போது முதலாவதாக ஆண்மை நீக்கத்தைத்தான் வைத்தது, அதைச் சொல்லித் தயங்கிய மருத்துவர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக் கதவு மூடியிருந்ததால்தான் தாயம்மாவின் கதவு திறந்திருந்தது என்பதை நாம் யோசிக்கவில்லை. 2000-களின் இறுதியில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவைச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வழி பிறந்தபோது, 'மூடநம்பிக்கை' என்று நாம் நினைத்ததில் எவ்வளவு பங்கு வெறும் வழியின்மை என்பது தெரிந்தது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் 'ஸ்டிக்மா' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். எர்விங் காஃப்மன் 1963-ல் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். பழைய கிரேக்கர்களிடம் அது அடிமையின், குற்றவாளியின் உடம்பில் வெட்டியோ சுட்டோ போடும் அடையாளம். தமிழில் களங்கம், கறை, இழுக்கு என்றெல்லாம் எழுதுகிறோம். இவற்றில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. களங்கம் என்றால் அது அவரிடமே இருப்பதாக ஆகிவிடுகிறது, நிலாவிலே இருப்பதுபோல. சூடு என்பதுதான் பொருத்தம். சூடு என்றால் உடனே போட்டது யார் என்ற கேள்வி எழுகிறதல்லவா?

இலன் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் ஒருபால் ஈர்ப்புடையவர்களைப் பற்றி எழுதியபோது இந்தச் சூட்டை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். பிறகு வந்தவர்கள் அதைத் திருநர்களின் அனுபவத்துக்கும் விரித்தார்கள். வெளியிலிருந்து வரும் அடி ஒன்று. அடி வரும் என்று எப்போதும் எதிர்பார்த்து விழிப்பாக இருப்பது இன்னொன்று. தன்னை மறைத்துக்கொள்வது வேறொன்று. கடைசியில், அடிப்பவனின் அபிப்பிராயமே தன் அபிப்பிராயமாகிவிடுவது. இந்தக் கடைசிதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. முதல் அடிக்கு ஒரு ஆள் வேண்டும். கடைசிக்கு யாருமே தேவையில்லை. மாத்திரை கசக்கவில்லை என்று சொன்னவர், எது கசந்தது என்று சொல்லவில்லை. அந்த ஆறாவது வாரம் அவரை யாரும் தடுக்கவில்லை. அவராகத்தான் போகாமல் இருந்தார். 'அவராகத்தான்' என்ற அந்தச் சொல்லை நம்பிக்கொண்டுதான் நாம் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம்.

இங்கே இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறேன். ஒன்று, நம் மார்க்சிய நண்பர்களுடையது: ஏழைகள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் இதே அவமானம்தானே, வறுமையை விட்டுவிட்டுப் பார்வையைப் பற்றிப் பேசுவது பூர்ஷ்வா சௌகரியம் இல்லையா? பாதி சரி. ஆனால் ஏழைக்கு அவமானம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. வீட்டுக்கு வந்தால் அவன் அப்பன், புருஷன், அண்ணன். இவர்களுடைய வறுமையோ வீட்டிலிருந்து புறப்படுகிறது. வறுமையால் அவமானம் வந்தது என்பதைவிட, அவமானத்தால் வறுமை வந்தது என்பதே இவர்கள் விஷயத்தில் உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஜமாத் என்றும், குரு–சேலா என்றும், தாய்–மகள் என்றும் அவர்கள் தங்களுக்குள் ஒரு உறவுமுறையைக் கட்டிக்கொண்டது கலாச்சார விநோதம் அல்ல. மருந்து வேலை செய்ய வேண்டுமானால் ஒரு வீடு வேண்டும் என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர்களின் ஏற்பாடு அது.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. யாரும் எதையும் உத்தேசிக்கவில்லையே? எழுத்தர் கொல்ல நினைக்கவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவன் கொல்ல நினைக்கவில்லை. உத்தேசம் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு செயலும் அற்பம், கோர்ட்டுக்குப் போகாது. ஆனால் ஒரு ஊரே ஏரிக்கரையில் ஆளுக்கு ஒரு கூடை மண் எடுத்தால், கரை உடைகிறபோது யாருடைய கூடையில் உடைந்தது என்று கேட்பது அபத்தம். யாருடைய கூடையிலும் உடையவில்லை என்று சொல்வது அதைவிட அபத்தம். நம் தார்மீகச் சிந்தனை தனி மனிதனின் உத்தேசத்தைச் சுற்றியே வளர்ந்தது. ஒரு கொலையை விசாரிக்க அதற்குத் தெரியும். ஒரு முகச்சுளிப்பை விசாரிக்கத் தெரியாது. இதற்குப் பொறுப்பு என்ற சொல்லைக் குற்றம் என்ற சொல்லிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும். நான் குற்றவாளி அல்ல என்பதும் நான் பொறுப்பாளி என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், வட மாகாணங்களில், இவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண்ணுடையில் தெருவுக்கு வந்தால் இரண்டு வருஷம் வரை சிறை. உயில் எழுதவோ பிள்ளையைத் தத்தெடுக்கவோ உரிமையில்லை. அதுவும் ஒரு பட்டியல், இன்றைய 'ஹை ரிஸ்க்' என்பதும் ஒரு பட்டியல். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். பின்னது உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. எண்ணப்படாமல் இருப்பதும் ஒருவகைச் சாவுதான். வெகு காலம் நோய்க் கண்காணிப்பில் இவர்களை 'ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்ற தலைப்பில் கரைத்துவிட்டிருந்தார்கள். 2014 ஏப்ரல் 15-ம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையோடு, எச்.ஐ.வி. கண்காணிப்புக்குத் தனி மையங்கள் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 2008-ல், தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. 2018-ல் 377-வது பிரிவின் கூர் முறிந்தது. ஆனால் 2019-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பாருங்கள். திருநரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை என்று அது எழுதியது. பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்கு அப்போது குறைந்தபட்சமே பத்து வருஷம். ஒரே கொடுமைக்கு இரண்டு விலை. உரிமை கொடுக்கிற கையிலேயே அந்தப் பழைய பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, நம்மைப் பற்றி. இதை எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்தது. அவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே அவை கொள்ளும் என்றது. தனி ஈறு தர முடியாமல்போன இலக்கணம்கூட 'அது' என்று சொல்லத் துணியவில்லை. அஃறிணைக்குத் தள்ளியவர்கள் நாம். செய்தித்தாளும் சினிமாவும் மட்டுமல்ல. 1981-ல் நான் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். உயிரற்ற கவிதைகள் என்று சொல்ல நினைத்தேன். 'அலிக் கவிதைகள்' என்று எழுதினேன். அன்று அந்தச் சொல் எங்களுக்குக் கைவாகான ஆயுதம். மலட்டுத்தனம், துணிவின்மை, போலித்தனம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அடுத்த இதழில் என்னை மறுத்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒருவர் என் படிம ரசனையைக் கண்டித்தார், ஒருவர் கவிஞருக்காக வாதாடினார், ஒருவர் யாப்பைப் பற்றி எழுதினார். அந்தச் சொல்லைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. பிரக்ஞை, பிரக்ஞை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த மதிப்புரையால் அக்கா இறக்கவில்லை. அவர் அதை வாசித்திருக்கவும் மாட்டார். ஆனால் அந்தச் சொல்லை எழுதிய அதே கைதான் 2003-ல் அவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தது. எழுத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "பெண் வார்டு" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கோழை என்பதால் அல்ல. அந்தக் கணத்தில் எனக்கும் அது ஒரு கேள்வியாகத்தான் பட்டது. என் கூடையில் இருந்த மண் அது.

அனுதாபத்தையும் இங்கே மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போய், கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிற முகங்களைப் படமெடுத்து வந்து கவிதை எழுதுகிறோம். வருஷத்தின் மற்ற நாட்களில் அதே முகத்துக்கு வீடு வாடகைக்குத் தருவதில்லை. வெளியே நின்று உருகுவதும் பார்வைதான், கொஞ்சம் ஈரமான பார்வை. ரேவதி 2004-ல் 'உணர்வும் உருவமும்' தொகுத்தபோதும், லிவிங் ஸ்மைல் வித்யா 2007-ல் 'நான், வித்யா' எழுதியபோதும் நம் இலக்கியத்தில் நடந்த முக்கியமான விஷயம், பார்க்கப்பட்டவர் பார்ப்பவராக ஆனதுதான். அந்தப் பக்கங்களில் நாம் தென்படுகிறோம்: பஸ்ஸில் நகர்ந்து உட்காருபவராக, வீட்டுக் கதவை மூடும் அண்ணனாக. அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தக் கண்ணாடியில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த விவாதத்திலிருந்து வழிமுறை எதையும் நான் வருவித்துத் தரப்போவதில்லை. பதிவேட்டில் மூன்றாவது பத்தி, தனி வார்டு, கூப்பிட விரும்பும் பெயரால் கூப்பிடும் ஊழியர் எல்லாம் வேண்டும். அவை வேண்டாம் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. என் கேள்வி ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. ஆபத்து யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும்போது ஊசியை அவர்களுடைய கைகளில் குத்தி ரத்தம் எடுக்கிறோம். அளக்க வேண்டிய இன்னொரு இடம் பெஞ்சின் மறுமுனையில் இருக்கிறது.

அந்த மையம் இருந்த தெருவழியாக இன்றும் போகிறேன். கட்டிடம் வேறாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஐந்து வாரம். பதினைந்து தடவை அக்கா அந்தப் படியில் ஏறி, எல்லோரும் பார்க்க, வாயைத் திறந்து மாத்திரையை விழுங்கியிருக்கிறார். ஒரு தடவைகூட நான் கூடப் போய் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவில்லை.